பிடிப்பதும் குறைப்பதும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்போடு வந்தார். ஏதோ கம்பெனியில் ஊழியர் பிரிவுக்கு மேலாளர். "சார், நீங்க சம்பள செக்‌ஷன்லயே ஊறுனவங்க. இந்த லெட்டர ஒரு தடவ பாத்துடுங்க. நாளைக்கு எல்லாருக்கும் மெயில்ல போவணும்" என்றார். என் கை தன்னால் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது. திரையில் அதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்காதீர்கள்.

கடிதம் ‘சேலரி ஆப்டிமைசேஷன்’ என்று தொடங்கியது. நடுவில் ‘ரீஅலைன்மென்ட்’. முடிவில் ஏதோ உற்சாகமான பயணம். காலமெல்லாம் சம்பளப் பட்டியல் போட்ட எனக்கே, சம்பளம் கூடுகிறதா குறைகிறதா என்று விளங்கவில்லை. இப்படி எழுதத் தனியாக ஒரு படிப்பு வைத்திருக்கிறார்கள் போலும்.

லேப்டாப் சூடாகி ஒரு வாடை அடித்தது. எனக்குக் கார்பன் தாள் வாடை ஞாபகம் வந்தது.

பொன்மலைப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த பணிமனையில் ஒரு வழக்கம். சம்பளத்தில் கை வைக்கும் உத்தரவு எதுவானாலும், கையெழுத்திடும் அதிகாரியே அந்த ஆளை எதிரில் உட்காரவைத்துத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்கென்றே மேசைக்கு எதிரே ஒரு மர நாற்காலி கிடக்கும். எங்கள் சூப்பிரண்டு இதில் மட்டும் யாருக்கும் மசிய மாட்டார்.

ஃபிட்டர் ஆரோக்கியசாமி ஓர் அளவுக்கருவியைத் தொலைத்துவிட்டார். ஓய்வு பெறச் சில மாதங்களே பாக்கி. அதன் விலையை வசூலிக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வந்திருந்த அதிகாரி, பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டி போலக் கோத்தவர், ‘டிடக்‌ஷன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ரிடக்‌ஷன்’ என்று எழுதினார். முதலாவது, ஒரு மாதச் சம்பளத்தில் பிடிப்பது. இரண்டாவது, சம்பளத்தையே கீழே இறக்குவது. சூப்பிரண்டு மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்யா" என்றுவிட்டார் மேதை.

ஆரோக்கியசாமி வந்து உட்கார்ந்தார். "உங்க சம்பளத்தக் குறைக்கிறோம்" என்று படித்தார் அதிகாரி.

ஆரோக்கியசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "புடிக்கிறீங்களா, கொறைக்கிறீங்களாங்க? புடிச்சா இந்த மாசத்தோட போச்சு. கொறைச்சா சாவுற வரைக்கும் பென்ஷன்லயும்ல இடிக்கும்?"

அதிகாரி சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"பிடிக்கிறதுதான்... ஒரு மாசம் மட்டும்" என்றார் அதிகாரி.

"அப்ப அப்படியே எழுதிக் குடுங்க."

சரியான உத்தரவு ஏற்கெனவே ஃபைலுக்குள் தயாராக இருந்தது. சூப்பிரண்டு சொல்லி நான் முதல் நாளே தட்டச்சு செய்தது. அதிகாரி பழையதைக் கிழித்துவிட்டு அதில் கையெழுத்திட்டார். வெளியே வந்த ஆரோக்கியசாமி என்னிடம், "ரொம்பப் படிச்சவரு போல" என்றார்.

நான் எதிர் ஃபிளாட்காரரைக் கேட்டேன்: "பிடிக்கிறீங்களா, குறைக்கிறீங்களா?"

"குறைக்கிறதுதான் சார், பர்மனென்ட்டா. அதத்தான் கொஞ்சம் நாசூக்கா..."

"எதிர்ல உக்கார வச்சு வாயால சொல்லிடுங்களேன்."

"ஐயோ, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க சார்!" என்று சிரித்துக்கொண்டே கடிதத்தின் கடைசி வரியைக் காட்டினார். ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.’

கடிதம் முழுவதிலும் அந்த ஒரு வரியில்தான் பிழை இல்லை. எவருக்கும் சந்தேகமும் வராது. மேசைக்கு எதிரே கிடந்த அந்த நாற்காலியை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.