எதற்கென்று சொல்ல வேண்டிய வார்த்தை

என் மனைவி வெள்ளிமலையிலிருந்து சாமையும் தினையும் வாங்கிவந்து, பொட்டலம் போட்டுக் கள்ளக்குறிச்சியில் விற்கிறாள். வெளியூர்க்காரர்கள் ஆங்கிலத்தில் விசாரிக்கிறார்கள் என்று போனிலேயே ஒரு ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவன், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறேன். அவள் படிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. பாடம் நடத்துகிறவரின் குரல்தான் ஆகவில்லை. அவள் ஒரு வரி பேசி அனுப்பினால் போதும், "அருமைம்மா, ரொம்ப அருமை" என்பார். உடனே அவள் முகம் மலரும். நான் சோற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வைக்கும் குழம்பை ஒருநாளும் நான் அருமை என்று சொன்னதில்லை. நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பேன். எங்கள் பக்கத்தில் அதுதான் பாராட்டு.

மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையில் நின்ற ஒரு பகலில், அந்த ஆள் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார் என்று என் போனில் தேடிக் கேட்டேன். அன்றைய பாடம் அப்ரிஷியேட். நன்றி சொல்வதற்கு ஒரு படி மேலாம். ஒருவர் நமக்காகப் பட்ட சிரமத்தை நாம் கவனித்தோம் என்று சொல்வதாம். வார்த்தையை மட்டும் சொன்னால் போதாது, எதற்கு என்றும் சொல்ல வேண்டுமாம். "இன்னைக்கு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க" என்று முடித்தார்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். எனக்குத்தான் சொல்வாள் என்று சீக்கிரமாகவே வந்து, கை கழுவி உட்கார்ந்தேன். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பிறகு போனை எடுத்து, "சார், ஐ அப்ரிஷியேட் யுவர் டீச்சிங்" என்றாள்.

பிசைந்த சோற்றை அப்படியே விட்டேன்.

"ஐ அப்ரிஷியேட்" என்றேன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"இன்னாத்த மாமா?"

"மில்லுல லைன் நவுராதுன்னு, மறுநாளைக்கும் சேத்து புளிசோறு கட்டித் தர்ற இல்ல, அத்த."

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அதெல்லாம் நீ கவனிக்கிறியா?"

"துன்றவன் நான்தான? மத்த டிரைவருங்க டீக்கடையில பன்னு துன்னுகினு இருப்பானுங்க."

"இந்த வார்த்தைய யாரு சொல்லிக்குடுத்தா?"

எனக்குப் பொய் வரவில்லை. "உங்க சாருதான்."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இரு, சார்கிட்ட சொல்றேன்."

"வாணாம்டி" என்பதற்குள் பேசி அனுப்பிவிட்டாள். பதிலும் வந்துவிட்டது. "அருமைம்மா, ரொம்ப அருமை."

சோறு கட்டியவள் அவள். சொன்னவன் நான். பேர் மட்டும் வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த அந்த ஆளுக்கு.

தட்டை நீட்டி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு ஊற்றினாள்.