எஃபி கடையில் மீன் என்றால்

எஃபி ரம்போல்ட்டின் கடை ஜன்னலில் வந்து நின்று "என்ன மீன்?" என்று கேட்பவன் வெளியூர்க்காரன். சந்தேகமே வேண்டாம். நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில் மீன் என்றால் காட் மீன் ஒன்றுதான். சால்மனுக்குச் சால்மன் என்று பெயர், ஹெர்ரிங்குக்கு ஹெர்ரிங் என்று பெயர். பிடிக்கிறோம், தின்கிறோம், ஆனால் மீன் என்று சொல்வதில்லை. "இன்னைக்கு மீன் கெடச்சுதா?" என்று ஒருவன் கேட்க, "எங்க, வெறும் சால்மன்தான்" என்று இன்னொருவன் அலுத்துக்கொள்வது எங்கள் படகுத்துறையில் தினமும் காதில் விழுகிற பேச்சு.

போன வருஷம் ஒரு சுற்றுலாக்காரர் அப்படித்தான் கேட்டார். "நீந்துற மீன்" என்றாள் எஃபி. அவர் விடவில்லை. குளத்து மீனா, கடல் மீனா, பண்ணை மீனா என்று அடுக்கினார். "ஐயா, பின்னாடி பத்துப் பேர் பசியோட நிக்கிறாங்க. மீன் வேணுமா, மூஸ் மான் கறி வேணுமா?" என்று கரண்டியை ஜன்னல் விளிம்பில் தட்டினாள். அறுபத்தொரு வயதிலும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான். எங்கள் ஊரான பிட்மன்ஸ் டிக்கிலில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மூக்குக்கு மேல் கோபம் வராதவர்கள் இந்தக் கரையில் பிழைத்ததும் இல்லை.

கடை என்பது நெடுஞ்சாலை பிரிகிற இடத்தில் நிற்கும் சக்கரம் கழற்றிய வண்டி. பலகையில் இரண்டே வரி: மூஸ் பர்கர், மீன் சாண்ட்விச். மூஸ் மான்தான் அவள் புருஷன் செல்பியைக் கொன்றது. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு மாலை மூடுபனியில் ரோட்டுக்கு நடுவில் நின்றிருந்தது, ஆள் உயரத்துக்கு மேலே. செல்பி ஓட்டி வந்த கார் அதன் காலை முறித்தது, அது மேலே விழுந்து கார்க் கூரையை நசுக்கியது. அடுத்த இலையுதிர் காலத்திலேயே எஃபி வேட்டை அனுமதிக்கு எழுதிப் போட்டு, தானே போய் ஒன்றைச் சுட்டு, அரைத்துப் பர்கர் போட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் ஒரு வருஷமும் விட்டதில்லை. "இன்னும் ஆத்திரம் தீரலியா?" என்று யாராவது சீண்டினால், "நீ தின்னு முடி, சொல்றேன்" என்பாள்.

மூஸ் கறியில் கொழுப்பே கிடையாது. ஐந்து பங்கு கறிக்கு ஒரு பங்கு பன்றிக் கொழுப்பு சேர்த்து அரைக்க வேண்டும். மேலே காட்டுப் பெர்ரி ஜாம் ஒரு கரண்டி. மீனுக்கு இவ்வளவு வேலைகூட இல்லை. அவள் மாமா மகன் லெவை மாலை நாலு மணிக்குப் படகில் கரைக்குக் கொண்டுவரும் மீனை அங்கேயே அறுத்து, மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் பொரித்து, அந்தக் கொழுப்பின் மொறுமொறுத் துணுக்கை மேலே தூவி, காலையில் அவளே சுட்ட ரொட்டிக்குள் வைப்பாள். அவ்வளவுதான். சாஸ் கேட்டால் முறைப்பாள்.

இந்த ஜூலையில் முழங்கால் அவளைக் கைவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவானது. இனி நாள் முழுக்க நின்றுகொண்டு பொரிக்கிற வேலை நடக்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்று, பதினெட்டு வருஷம் மேற்கே ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களில் கிடந்துவிட்டு வசந்தத்தில் திரும்பி வந்திருக்கும் மகன் கிளேட்டன் கடையை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடையை மூட வேண்டும். மூன்று வாரம் அவன் ஒழுங்காக நடத்திக் காட்டினால் சாவி அவனுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று அவனிடமே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மூன்று வாரம் கழித்து, பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஊன்றுகோலோடு நேரே கடைக்கு வந்தாள்.

"ஒரு நாள்கூட மூடல, அம்மா" என்றான் கிளேட்டன். முப்பத்தெட்டு வயது ஆள், முகமெல்லாம் சிரிப்பு. முதலில் ஒரு மூஸ் பர்கரை நீட்டினான். கடித்துப் பார்த்தாள். கொழுப்பு சரி, உப்பு சரி, ஜாம் சரி. மனசு நிறைந்துபோனது அவளுக்கு. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் எண்ணெய்ச் சட்டி ஓரத்தில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். கடலில் எந்த மீனும் அப்படி அளவெடுத்துப் பிறப்பதில்லை.

ஒன்றை எடுத்து விண்டாள். மீன் என்றால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். இது குழைந்தது. வாயில் போட்டாள், உடனே துப்பினாள்.

"என்னடா இது?"

"மீன்."

"என்ன மீன்?"

பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. தன் வாயாலேயே அதைக் கேட்க வைத்துவிட்டானே என்றுதான் அவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ போன மறுநாளே லெவை மாமா படகு எஞ்சின் போயிடுச்சும்மா. ஒரு வாரம் கடலுக்கே போகல. கடையை மூடச் சொல்றியா? உறைய வெச்ச மீன் பெட்டியா வந்துச்சு. முள்ளு கிடையாது, புழு பொறுக்க வேண்டாம்..."

"எஞ்சின் ஒரு வாரம். மிச்சம் ரெண்டு வாரம்?"

கிளேட்டன் சட்டியைப் பார்த்தான். "பெட்டி மிச்சமிருந்துது. வேலை சுளுவா இருந்துது. எவனும் கண்டுபிடிக்கல. ரொட்டிக்குள்ள போயிட்டா எல்லாம் ஒண்ணுதானேம்மா."

அதற்கப்புறம் எஃபி பேசியதை அப்படியே எழுதினால் பாதிரியார் என்னோடு பேச மாட்டார். மீன் இல்லையென்றால் மீன் இல்லை என்று பலகையில் எழுத உனக்குக் கை வலித்ததா என்றாள். மூஸ் பர்கரில் மாட்டுக்கறியைக் கலந்து விற்பாயா என்றாள். எங்கேயோ பண்ணைக் குட்டையில் வளர்ந்த பெயர் தெரியாத ஒன்றை என் பலகைக்குக் கீழே வைத்து என் ஜனங்களுக்கே ஊட்டியிருக்கிறாயே, பாவி என்றாள். வரிசையில் நின்ற நாலு பேர் தங்கள் கையிலிருந்த சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டார்கள். சட்டியிலிருந்த அத்தனையையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். "நீ ஆல்பர்ட்டாவுக்கே திரும்பிப் போ. கடையை நான் மூடிக்கிறேன். பொய் சொல்லி நடத்தறதுக்கு இழுத்து மூடறதே மேல்."

கிளேட்டனும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே. ஏப்ரனைக் கழற்றி விட்டெறிந்தான்.

"எனக்கு ஆறு வயசுல கடலை மூடுனாங்க. அதுக்கப்புறம் நீ எனக்கு என்ன பொரிச்சுப் போட்ட? டப்பாவுல வந்த விரல் விரலான மீனு. பத்து வருஷம் அதைத்தான் தின்னேன். அதைத் தட்டுல வெச்சுட்டு நீ என்ன சொல்லுவ? 'மீனைத் தின்னுட்டு எந்திரி'ன்னுதானே சொல்லுவ. நீ சொல்லித்தான் எனக்கு அது மீனு."

எஃபி காலிச் சட்டியை மெல்ல அடுப்பில் வைத்தாள்.

உண்மைதான். தொண்ணூற்றிரண்டில் கோட்டுப் போட்ட ஒரு மந்திரி தொலைக்காட்சியில் வந்து இனி காட் பிடிக்கக்கூடாது என்றார். அந்நியக் கப்பல்களும் உள்ளூர்ப் பெரிய கப்பல்களும் அடிவரை வழித்துக்கொண்டு போகிறவரை கை கட்டி வேடிக்கை பார்த்துவிட்டு, சின்னப் படகுக்காரனின் வலையைச் சுருட்டச் சொன்னார்கள். மீன் ஆலையில் அறுக்கும் மேஜையில் நின்றிருந்த எஃபி மறுநாள் வீட்டிலிருந்தாள். இரண்டே வருஷம் என்றார்கள். பத்தானது, இருபதானது. பிறகு அளந்து அளந்து கொஞ்சம் விட்டார்கள். இடையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டப்பாவைத் தவிர என்ன இருந்தது? அது மீன் இல்லை என்று பிள்ளையிடம் சொல்ல அன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து அது இப்படித் திரும்பி வந்து முகத்தில் அறைந்தது. அந்த மந்திரி இப்போது எதிரில் நின்றிருந்தால் கொதிக்கிற சட்டியோடு போயிருப்பாள். நின்றது மகன்தான்.

"யார் யாருக்குக் குடுத்த?" என்றாள் கடைசியில்.

"எல்லாருக்கும்தான். ஹேவர்ட் மாமாவுக்கு மட்டும் புதனும் சனியும் நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

எஃபி கண்ணை மூடிக்கொண்டாள். ஹேவர்ட் ஜெஞ்சுக்கு எண்பத்து நாலு வயது. ஐம்பது வருஷம் கடலில் கிடந்த மனிதர். ஊரே அவருக்கு மருமக்கள்தான். "வண்டியை எடு. அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். செஞ்சவன் நீ, உன் வாயால சொல்லு."

ஹேவர்ட் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அலறிக்கொண்டிருக்கும் ரேடியோ அன்று வாயை மூடிக்கொண்டு கிடந்தது. "வாம்மா எஃபி. கால் எப்படியிருக்கு?" என்றவரின் முகம், பின்னால் கிளேட்டனைப் பார்த்ததும் மாறியது.

கிளேட்டன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "மாமா, உங்களுக்கு நான் கொண்டாந்து குடுத்தது மீன் இல்ல."

"மொத வாயிலேயே தெரிஞ்சுதுப்பா" என்றார் ஹேவர்ட்.

எஃபிக்குச் சுரீரென்றது. "தெரிஞ்சுமா ஆறு தடவ தின்னீங்க? ஒரு வார்த்த கேக்கலாமில்ல? போன் இருக்கே. வாய் இருக்கே."

கிழவர் மேஜை விரிப்பை விரலால் நீவிக்கொண்டேயிருந்தார்.

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்களேன்னு பயமா இருந்துதும்மா. எஃபி கடையிலயே மீன் இல்லன்னா, மறுபடியும் கடலை மூடிட்டாங்கன்னு நெனச்சேன். கிழவனுக்குத் தெரிய வேணாம்னு எல்லாரும் மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு ஆஃப் பண்ணுனதுதான் அந்த ரேடியோ. செய்தியில அதைச் சொல்லிடுவானேன்னு. ஜன்னல் பக்கமும் போகல. துறையில படகெல்லாம் சும்மா கட்டிக் கிடந்தா பாக்க வேண்டி வருமே."

கிளேட்டன் தொப்பியை மேஜை மேல் வைத்தான்.

"மூடல, மாமா" என்றான் கிளேட்டன். "கடல் அப்படியேதான் இருக்கு. லெவை மாமா தெனமும் போயிட்டு வர்றாரு. நான்தான் சோம்பேறித்தனத்துல..."

"சோம்பேறித்தனமா?" ஹேவர்ட் நிமிர்ந்தார். "வெறும் சோம்பேறித்தனமா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மாமா."

கிழவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். திட்டப் போகிறார் என்று கிளேட்டன் தலையைக் குனிந்துகொண்டான். அவரோ இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதுப்பா, நல்லது. ரொம்ப நல்லது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. சோம்பேறி என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை எஃபி பார்த்ததில்லை. அவர் திட்டித் தீர்த்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

வெளியே வந்து வண்டியில் ஏறிய கிளேட்டனால் சாவியைத் திருக முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு முதுகு குலுங்க அழுதான். எஃபி தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபம் துளியும் இறங்கவில்லை. ஆனால் மூன்று வாரம் ஒரு மனிதரை எப்படிப்பட்ட பயத்தில் வைத்திருந்தோம் என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்தவனை ஆல்பர்ட்டாவுக்கு அனுப்ப அவளுக்கு மனசில்லை.

"அழுதது போதும், வண்டியை எடு" என்றாள். "லெவை கரைக்கு வர்ற நேரம். கத்தி பின்சீட்டுல கெடக்கு. மீனை எப்படி அறுக்கிறதுன்னு இன்னும் உனக்கு நான் காட்டவே இல்ல."