சட்டையை நம்பி நின்ற வரிசை

திருச்சியில் மகள் வீட்டில் இருந்தபோது, வல்லக்கோட்டையில் என் அக்கா இறந்துவிட்டதாகக் காலையில் செய்தி வந்தது. சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். சென்னை விமானத்தில் ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. விமான நிலைய வாசலில் மாப்பிள்ளை, "உள்ள யாரையாவது துணைக்கு வரச் சொல்லட்டுமா அத்தை?" என்றார்.

"நான் இன்னா கொயந்தையா? எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உள்ளே அரண்மனை மாதிரி இருந்தது. ஆனால் நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவள். பலகையில் இரண்டு எழுத்தைச் சேர்ப்பதற்குள் தமிழ் போய் இங்கிலீஷ் வந்துவிடுகிறது. யாரையும் கேட்க மனம் வரவில்லை. அப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஒரகடம் கம்பெனிச் சட்டை போட்ட நாலு பேரைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எந்த பஸ் எங்கே போகிறது என்பதை, ஏறுகிறவர்களின் சட்டையை வைத்தே சொல்லிவிடுவோம். இவர்களும் சென்னைக்குத்தான் போவார்கள் என்று அவர்கள் பின்னாலேயே வரிசையில் நின்றேன்.

சீட்டை வாங்கிப் பார்த்த பெண் என் காதருகே குனிந்தாள். "அம்மா, இது பெங்களூர் போறது. உங்களுக்கு அந்தக் கடைசி வாசல். மூடப் போறாங்க, வாங்க."

வயர்லெஸ்ஸில், "ஒரு அம்மாவக் கூட்டிட்டு வர்றேன், மூடிராதீங்க" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து நடந்தாள்.

"பலகை படிக்கத் தெரியலம்மா" என்றேன். அதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

"அது ஓடுற வேகத்துக்கு எங்களுக்கே தடுமாறும்மா" என்றாள்.

அக்காவுக்கு என் கையால் வாய்க்கரிசி போட்டேன். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவருக்கும் கேட்காத குரலில் அவள் பேசியதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் மானத்தை என்னைவிட நன்றாகக் காத்தவள் அவள்.