நாச்சிமுத்துவின் நன்னடத்தை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஆசாமி இருந்தாராம். அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டுக்கொண்டு ஒரு போலீஸ்காரன் சைக்கிளில் வந்தானாம். கதை கேட்டு வளர்ந்த எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது. கடல் கடந்து வேலைக்குப் போகிறவருக்கு நன்னடத்தைச் சீட்டு வேண்டும். சீட்டு தருவதற்கு முன் அவர் ஊரில் விசாரணை நடக்க வேண்டும். எங்கள் ஸ்டேஷனில் அந்த வேலை என் தலையில். குரலும் எனக்குச் சின்னது. அதட்டிக் கேட்க வராது. ஒருவர் வீட்டு வாசலில் நின்று அவரைப் பற்றியே கேள்வி கேட்கும் பிழைப்பு, வரி வசூலோ கல்யாணத் தரகோ, உங்களுக்கும் வாய்த்திருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும்.

மாடு தேறிவிட்டது

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே நிலபுலம் உள்ள பண்ணாடி ஒருவர், மலேயாவில் தோட்டம் வைத்திருக்கும் துரைக்கு நாலு மயிலைக் காளைகளை விற்றிருந்தார். அவற்றைக் கன்றிலிருந்து வளர்த்தவர் பண்ணையில் மாடு பார்க்கும் நாச்சிமுத்து. கப்பலில் காளைகளோடு வந்து, அங்கேயே தொழுவத்தில் வேலைக்கு இருந்துகொள்ளலாம் என்று துரை சொல்லியனுப்பியிருந்தார். நாச்சிமுத்துவுக்கும் கொஞ்சம் மேட்டுக்காடு உண்டு. மழை பொய்த்துக் கிணறு வற்றி, விதைத்த கம்பெல்லாம் கருகிக் கிடந்தது. காளைகளும் போய்விட்டால் பண்ணையிலும் வேலை இல்லை. சீட்டு கிடைத்தால் கப்பல். கிடைக்காவிட்டால் என்ன என்று அவருக்கே தெரியவில்லை.

நான் போனபோது கிளுவை வேலி ஓரமாகக் காளைகளை மேய விட்டுக்கொண்டு நின்றார். என் தலைப்பாகையைக் கண்டதும் தன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கால்நடை டாக்டர் முந்தின வாரமே வந்து, பல்லைப் பார்த்து, குளம்பைத் தட்டிப் பார்த்து, நாலுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

“மாடு நாலும் தேறிப்போச்சுங்க. நான் ஒருத்தன்தானுங்க பாக்கி.”

குறை சொல்லாத ஊர்

மணியகாரரைக் கேட்டேன். தங்கமான மனுசனுங்க என்றார். எண்ணெய்ச் செக்கில் கேட்டேன். அவரைப் பத்திக் கேக்கோணுமுங்களா என்று என்னையே கேட்டார்கள். போன இடத்திலெல்லாம் மோர் கொடுத்தார்கள். வயிறு நிறைந்ததே தவிர விசாரணை நகரவில்லை.

கடைசியாகப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனேன். அவரும் நாச்சிமுத்துவும் பேசி வருஷக்கணக்கு ஆகிறது என்று செக்கடியில் காதில் விழுந்திருந்தது. இங்கேயாவது நாலு வார்த்தை கிடைக்கும் என்று பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார்; மோரும் கொண்டுவந்தார்.

“எனக்கும் அவனுக்கும் வரப்புத் தகராறுங்க, மூஞ்சியில முழிக்கறதில்லீங்க. அது எங்களுக்குள்ளீங்க. வெளியாளு கேட்டா, அவன் நல்லவனுங்க.”

அதிகாரி நம்பவில்லை

எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் மெட்ராஸ் பக்கத்துக்காரர். இந்தப் பக்கத்து மரியாதை அவருக்குப் பிடிபடவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார். குடி இல்லை, சண்டை இல்லை, பகை இல்லை, வழக்கு இல்லை. வரப்புத் தகராறை அவர்களுக்குள்ளேயே விட்டுவிட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் அப்படிச் செய்தால் நல்லதற்கில்லை என்று ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும்.

“ஊருக்குள்ள போனியா, இல்லே புளியமரத்து நிழல்ல உட்கார்ந்து எழுதினியா? போய் ஒரு குறையாவது கொண்டா. அப்பத்தான் மத்ததை நம்புவேன்.”

கிடைத்த குற்றம்

கப்பலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி போனேன். மறுபடி மோர். தோற்றுத் திரும்பும் வழியில் நாச்சிமுத்துவின் மனைவி பழனாத்தா, இடுப்பில் குழந்தையோடு மறித்து நின்றார்.

“ஏனுங்ணா, ஒரு குத்தம் கேட்டுக்கிட்டு அலையறீங்களாமா. நாஞ் சொல்றனுங்க. எங்க ஊட்டுக்காரரு, அவிய திருடருங்க. பண்ணாடி ஊட்டுப் பருத்திக்கொட்டையைத் திருடிப்போட்டாரு. எழுதிக்குங்க.”

சொல்லிவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டார். எப்போது, எத்தனை மூட்டை என்று கேட்டேன். அவர் வேறொன்று சொன்னார். “என்ற தம்பி கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவன். இருக்கறானா இல்லையான்னே இன்னிக்கு வரைக்கும் தெரியலீங்க.”

அதிகாரி கேட்டது என் கைக்கே வந்திருந்தது. எழுதினால் என் அலைச்சல் தீர்ந்தது. ஆனால் பென்சில் ஓடவில்லை. “எழுதினா கப்பல் நின்னுரும் அம்மணி. அதுக்குப் பொறவு சுத்துப்பட்டுல எங்கே எது காணாமப் போனாலும் நாங்க உங்க கதவைத்தான் மொதல்ல தட்டுவோம். இந்தக் குழந்தையும் கேடி மகன்னு பேர் வாங்கிக்கிட்டுத்தான் வளரும்” என்றேன்.

குழந்தை என் சட்டைப் பித்தானைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்படீன்னா நல்லவருன்னே எழுதிக்குங்க. போனாலும் நல்லவராவே போகட்டும்.”

நிஜமான குறை

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி நடந்திருப்பேன். பின்னாலேயே வந்தார். நெசமாலுமே ஒரு குறை இருக்குதுங்ணா என்றார். நான் பயந்துகொண்டேதான் நின்றேன்.

“கப்பலுக்குப் போறன்னு அவிய எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க. காளைகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் தண்ணி காட்டப் போன எடத்துலதான் கேட்டுக்கிட்டேன்.”

மேஜைக்குப் போன குறை

“மனைவியைக் கலந்துகொள்ளாமல் முடிவு செய்பவர், வேறு குறை இல்லை” என்று எழுதிக்கொண்டுபோய் வைத்தேன். கிழித்து எறிவார் என்றுதான் நினைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் படித்து முடித்தார்; மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவருக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது மனைவி உடன் வரவில்லை, ஓட்டல் சாப்பாடுதான். பேனாவை எடுத்து, மேலே அனுப்ப வேண்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

“இதுக்கெல்லாம் ஆளை உள்ளே போடறதா இருந்தா, நான் இந்த நாற்காலியில உட்கார முடியாதுய்யா.”

சீட்டு வாங்க வந்தவர்

சீட்டு வந்த அன்று காளைகளும் திருப்பூர் ரயிலடிக்குக் கிளம்பியிருந்தன. போகிற வழியில் பண்ணையாள் ஒருவரை ஸ்டேஷன் மரத்தடியில் காளைகளோடு நிறுத்திவிட்டு நாச்சிமுத்து உள்ளே வந்தார். காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னமோ குறை கேட்டாங்கன்னு ஊருல பேச்சுங்க, என்னன்னு எழுதுனீங்க என்றார். விசாரணையில் எழுதியதை ஆசாமியிடம் சொல்லக்கூடாது என்பது விதி. நான் சொன்னேன். பருத்திக்கொட்டையை மட்டும் சொல்லவில்லை.

வெளியே ஒரு காளை கழுத்தை ஆட்ட, சலங்கை கேட்டது. அதற்குக்கூட அவர் திரும்பவில்லை. பிறகு சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காளைகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போகும்படி பண்ணையாளுக்குக் கைகாட்டினார்.

“ரயிலு நாளைக்குத்தானுங்க. அவளை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரனுங்க. வேண்டாம்னுட்டா, மாடு மட்டும் போகட்டுமுங்க.”

சர்க்கார் நல்லவர் என்று முத்திரை குத்திக் கொடுத்த மனிதர், அதற்கும் மேலிடத்தில் ஓர் உத்தரவு பாக்கி இருக்கிறதென்று, ரயிலடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே தன் ஊரைப் பார்த்து நடந்தார்.