சுருவில் சம்மாட்டியாரும் அவருடைய புகைக்குழாயும்

சுருவில் என்ற ஊர்ச் சவிரிமுத்தர் காலமான செய்தி குறிகட்டுவான் பஸ்ஸில் வேலணைக்கு வந்து சேர்ந்தது. கண்டக்டர் என் வீட்டுப் படலையடியில் பஸ்ஸை நிறுத்தி, "ரீச்சர், உங்கடை லோஞ்சுக்காரர் போயிட்டார்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் பொறுக்கி முடித்தேன். கண்ணீர் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் அவருடைய மகள் மேரி வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம், நானும் எழுதித் தரவேண்டுமாம்.

"எனக்கு உன்ரை அப்பரைப் பிடிக்காது, பிள்ளை" என்றேன்.

"ஓம், தெரியும். அவருக்கும் தெரியும். அதுதான் உங்களிட்டை வந்தனான்" என்றாள்.

செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பது நம்மவர் பழக்கம். நினைவு மலர்களை வாசித்தால் தீவுப்பகுதியில் இதுவரை கெட்டவர் ஒருவரும் சாகவில்லை என்றுதான் தோன்றும். எனக்கு அந்த வித்தை தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் நான் எழுதுவது சரியா என்று பார்க்கட்டும். தெரியாதவர்கள் இப்படியும் ஒருவர் இருந்தார் என்று அறிந்துகொள்ளட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. தினமும் குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் என்கிற மோட்டார் வள்ளத்தில் ஏறவேண்டும். லோஞ்ச் சவிரிமுத்தருடையது, ஓட்டுபவரும் அவரே. வள்ளம் வைத்திருப்பவருக்குரிய மரியாதையாகச் சம்மாட்டியார் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். முதல் நாள் நான் குடையும் கையுமாகத் துறையில் ஓடிவர, கண்முன்னாலேயே லோஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கேட்டேன்.

"நான் ஓடி வந்ததை நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான். நீர் ஓடி வந்ததையும் கண்டனான், மணியையும் கண்டனான்."

அதுதான் சம்மாட்டியார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர். கடல் தெரிந்தவர் என்பதை மறுக்கமாட்டேன். எந்தக் காற்றிலும் அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்ததில்லை. அந்தக் கெட்டித்தனம்தான் அவரைக் கெடுத்தது. கடல் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

அந்த லோஞ்சுக்கு மண்ணெண்ணெய் எஞ்சின். புகைக்குழாய் சுக்கான் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தால் நேரே மேலெழும்பி, கூரைக்கு மேல் புகையை விடும். ஒருமுறை கோயில் திருநாளுக்கு அவர் உடுத்திவந்த வெள்ளைச் சட்டையில் கரி விழுந்துவிட்டது. துறையில் நின்ற மற்ற லோஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க ஏலாமல், அடுத்த கிழமையே குழாயைக் கழற்றினார். கீழே, பயணிகள் இருக்கும் அறைக்குள்ளால், பின் வாங்குப் பலகைக்கு அடியில் கொண்டுபோய், பின்பக்கத்தால் புகை வெளியே போகும்படி பூட்டினார். வாங்குக்கு அடியில் ஒரு மூட்டு வந்தது. அதற்குச் சாக்குத் துண்டைச் சுற்றிக் களிமண் அப்பினார். "இப்ப பாருங்கோ, ஒரு பொட்டுக் கரி இல்லை" என்று எல்லோருக்கும் காட்டினார்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம் பிறந்தது. போகும்போது காற்று எதிர்க்காற்று, ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். தண்ணீர் அடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் படங்குத் துணியை இறக்கிவிடுவார்கள். பின்னால் போகவேண்டிய புகை அறைக்குள் திரும்பும். மூட்டிலிருந்து கசிவது வேறு. அது நயினை அம்மன் திருவிழாக் காலம். கும்பிட்டுவிட்டு விரதக் களைப்போடு திரும்பிய ஒரு பெண் பின் வாங்கில் இருந்தபடி தலையைச் சுழற்றினாள். முகம் சிவந்தது. கண் செருகியது. "அம்மன் வந்திட்டா" என்றார்கள். திருநீறு பூசிக் கற்பூரம் கொளுத்தினார்கள். துறையில் இறக்கிக் காற்றுப் பட்டதும் அவள் தெளிந்து எழும்பினாள். மறுநாள் இன்னொருத்தி. அதற்கடுத்த நாள் இரண்டு பேர்.

கதை தீவெங்கும் பரவியது. அம்மன் ஏறுகிற லோஞ்ச் இதுதான் என்று சனம் மற்ற லோஞ்சுகளை விட்டுவிட்டு இதற்காகக் காத்துநின்றது. பின் வாங்குக்குச் சண்டை நடந்தது. சம்மாட்டியார் கத்தோலிக்கர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுக்கான் பிடிப்பார்.

என் தமையனார் கொழும்பில் மோட்டார் கராஜில் வேலை செய்தவர். மூடிய இடத்தில் எஞ்சின் புகை ஆளை விழுத்தும், அதில் மணமில்லாத விஷமும் உண்டு என்று சொல்லியிருந்தார். நான் கவனித்துப் பார்த்தேன். அம்மன் போகும்போது வருவதில்லை, திரும்பும்போதுதான் வருகிறாள். முன் வாங்கு அவளுக்குப் பிடிக்காது. ஒருநாள் பின் வாங்கின் கீழே கூடையில் இருந்த கோழி தலையைத் தொங்கப்போட்டுச் செத்துக்கிடந்தது. கோழிக்கும் உரு வந்ததோ என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"சம்மாட்டியார், இது அம்மன் இல்லை. உங்கடை குழாய். அதைப் பழையபடி மேலாலை விடுங்கோ" என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன்.

"நீர் சைவம்தானே?"

"ஓம்."

"நான் வேதக்காரன். நானே அம்மன் எண்டு நம்புறன், நீர் இல்லை எண்டுறீர். படிப்பிக்கிறது உம்மடை வேலை. எஞ்சின் என்ரை வேலை."

அதற்கு மட்டும் லோஞ்ச் முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து கூரையில்தான் இருந்தேன். வெயிலோ தூவானமோ, கீழே இறங்கமாட்டேன். அடுத்த சோளகத்தில், ஆனி மாதம், நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. ஒருநாள் பின்னேரம் காற்றுக் கடுமையாக இருந்தது. கூரையில் ஏறப்போன என்னைச் சம்மாட்டியார் மறித்தார்.

"பிள்ளைத்தாய்ச்சி மேலை இருந்து விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது? கீழை இறங்கும்."

"கீழை புகை. பிள்ளைக்குக் கூடாது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றேன். வாழ்க்கையில் நான் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். அந்த நேரத்துக்கு வேறு லோஞ்சும் இல்லை.

"இறங்கும் எண்டு சொன்னனான்" என்றார்.

இறங்கினேன். பின் வாங்கில்தான் இடம் இருந்தது. படங்கு இறக்கியிருந்தது. தலை இடித்தது, கை கால் என்னுடையது போல இல்லை. கடைசியாக என் காதில் விழுந்தது ஒரு பெண்ணின் குரல். "ரீச்சருக்கும் அம்மன் வந்திட்டா. இனியாவது நம்பட்டும்." என் முகத்துக்கு நேரே கற்பூரம் கொளுத்தினார்களாம்.

மற்றவர்கள் துறையில் காற்றுப் பட்டதும் எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. சம்மாட்டியார்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, கார் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நாலாம் நாள் பிள்ளை இறந்து பிறந்தது. புகையால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். அவருக்கு ஏலாது. எனக்கு ஏலும்.

இரண்டு கிழமை கழித்துச் சம்மாட்டியார் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்துவைத்திருந்தார்.

"குழாயை மேலாலை விட்டிட்டன், ரீச்சர்."

"இனி ஆருக்கு?" என்றேன்.

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குழாய் மேலே போனதும் அம்மன் வருவது நின்றுவிட்டது. வேதக்காரன் அம்மனைத் துரத்திவிட்டான் என்று சனம் வேறு லோஞ்சுகளுக்குப் போய்விட்டது. என்னைப் பற்றிச் சொன்னது அதைவிடக் கொடுமை. அம்மனைப் பழித்தாள், அம்மன் பிள்ளையை எடுத்தாள் என்றார்கள். நான் படிப்பித்த பிள்ளைகளின் தாய்மாரே என் காதுபடச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் அவர் ஒருவர் நினைத்திருந்தால் முடிந்திருக்கும். 'அது என் குழாய்ப் புகை, பிழை என்னுடையது' என்று துறையில் நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பதினைந்து வருடம் தன் சட்டையில் கரியை வாங்கினார், நெஞ்சில் புகையை வாங்கினார், இருமி இருமியே செத்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. இதற்காகத்தான் அவரை நான் வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன்.

இவ்வளவும் எழுதி வைத்திருந்தேன். நேற்று மேரி வந்தாள். வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் உண்மைதான், ரீச்சர். இப்பிடியே அடிப்பம்" என்றாள். பிறகு, "ஒண்டு உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வருசமும் ஆனியிலை அப்பா எங்கடை வேதக் கோயிலிலை உங்கடை பிள்ளையின்ரை ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறவர். பேர் குடுக்கவேணும்தானே. நாகம்மா எண்டு குடுப்பார். சைவப் பேராய் இருக்கே எண்டு சுவாமியார் யோசிச்சவர். அவையள் சைவம், பிள்ளைக்கும் அவையின்ரை பேர்தான் எண்டு அப்பா பிடிவாதமாய் நிண்டவர்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் பிள்ளைக்குப் பெயர் வைக்க இவர் யார் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெயர் என் காதில் ஏறியது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை எனக்குக் காட்டவில்லை. என் கணவரும் சம்மாட்டியாரும்தான் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். என்ன பிள்ளை என்று கேட்கும்போதெல்லாம் என் கணவர் "அதை விடப்பா" என்று எழும்பிப் போய்விடுவார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு நான் கேட்பதற்கு ஆளில்லை.

நாகம்மா. எனக்குப் பிறந்தது பெண் பிள்ளை.

சம்மாட்டியார், உம்மை நான் மன்னிக்கவில்லை. உம்முடைய ஆத்துமத்துக்குச் செபிக்க உம்முடைய ஆட்கள் இருக்கிறார்கள். நீர் போம். வருகிற ஆனியில் உம்முடைய கோயிலுக்கு நான் வருவேன். என் மகளின் பெயரை இனி நானே கொடுப்பேன்.