தலையை நேராக வைக்கவும்

தெருவில் எல்லோருக்கும் அவள் ஆபரேட்டரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். தொலைபேசி நிலையத்தில் ஒயரைப் பிடுங்கி ஒயரைச் செருகி, முகம் தெரியாத இரண்டு பேரைப் பேசவைத்தே ஆயுசில் பாதியைக் கழித்தவள். இடது காதில் மாட்டியிருந்த கருவியின் கனத்துக்குச் சாய்ந்த கழுத்து, வேலையை விட்டு வந்த பிறகும் நிமிரவில்லை. யார் எதைச் சொன்னாலும் அந்தக் கழுத்து இன்னும் கொஞ்சம் சாயும். ஊர் வம்பைக் கேட்பதற்காகவே கடவுள் அப்படிச் செய்துவைத்ததாகத் தங்கை சொல்வாள்.

தங்கை என்றால் கால்மணி நேரம் பிந்திப் பிறந்தவள். இரட்டை. மூக்கு, முழி, நெற்றியில் முடி நரைத்த இடம் வரை அச்சு அசல். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால் நர்ஸம்மா. கணவன் போன பிறகு அக்காவின் மாடி வீட்டுக்கே வந்துவிட்டாள். வாய்க்கு வாய் "நீ, நீ" என்று பேசுவாளே தவிர, ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால்தான் "அக்கா" வரும். பால்காரர் ஒருத்தியிடம் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியை அடுத்த நாள் மற்றவளிடம் சொல்லித் திருதிருவென்று விழிப்பார். யாரும் அவரைத் தப்பு சொல்ல முடியாது.

அவர்களைக் குழப்பிக்கொள்ளாத ஒரே மனிதர், தெருமுனை வங்கிக் கிளையின் கேஷியர். இரண்டு பேருக்கும் பென்ஷன் அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், தான் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வரவேண்டும். கேஷியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். கழுத்து சாய்ந்திருந்தால் ஆபரேட்டரம்மா. வந்ததும் வராததுமாக அவருடைய கை நரம்பைப் பார்த்தால் நர்ஸம்மா. இருவருக்கும் ஆளுக்கொரு முத்திரையைக் குத்துவார், வேலை முடிந்துவிடும். உயிரோடு இருப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஒரு நாள் கிளையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அதில் ஒரு தாள்: 'இக்கிளை தலைமைக் கிளையுடன் இணைக்கப்பட்டுள்ளது.' ஆபரேட்டரம்மா அதைப் படித்துவிட்டு மனம் குளிர்ந்து வீடு திரும்பினாள். தலைமைக் கிளைக்கு இங்கிருந்தே லைன் போட்டுவிட்டார்கள், இனி எந்த வேலையும் சட்டென்று நடக்கும் என்று தங்கையிடம் பெருமையாகச் சொன்னாள். தன் துறை ஆயிற்றே. அடுத்த நாளும் போனாள், அதற்கு மறுநாளும் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தாள். பக்கத்தில் சாவி செய்கிறவர் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"அம்மா, இணைச்சாச்சுன்னா மூடியாச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அவளுக்கு விளங்கவே இல்லை. இணைப்பு என்றால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கவேண்டும். ஒரு பக்கத்து ஆளைக் கொண்டுபோய் இன்னொரு பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அதற்கு இணைப்பு என்று பெயர் வைத்தால், பிறகு துண்டிப்பு என்பது என்ன? சாவிக்காரரிடம் அதைக் கேட்டாள். அவர் பாவம், அரத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கேஷியரும் வேலையை விட்டுவிட்டு எங்கோ மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

உயிரோடு இருப்பதைக் காட்டும் மாதமும் வந்தது. தலைமைக் கிளை இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். எதற்கு அலைகிறீர்கள், எல்லாம் கைபேசியிலேயே செய்யலாம் என்று மொபைல் கடைக்காரர் ஒரு செயலியை ஏற்றிக்கொடுத்தார். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதுமாம். ஆபரேட்டரம்மா தலை வாரி, புடவையைச் சரிசெய்துகொண்டு, கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொள்கிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

'தலையை நேராக வைக்கவும்' என்றது கைபேசி.

வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது நேர்தான். கைபேசி ஒத்துக்கொள்ளவில்லை. தங்கை தாடையைப் பிடித்து நிமிர்த்தினால் கை வட்டத்துக்குள் வந்தது, கையை எடுத்தால் கழுத்து பழைய இடத்துக்குப் போனது. காலையில் உட்கார்ந்தவர்கள், சாப்பாட்டு வேளை தாண்டியும் நகரவில்லை. எத்தனையோ நோயாளிகளைப் பொறுத்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கே பொறுமை போய்விட்டது.

"குடு இங்க. உன் மூஞ்சி வேற, என் மூஞ்சி வேறயா?" என்று வாங்கித் தன் முகத்தைக் காட்டிச் சிமிட்டினாள்.

பச்சை விளக்கு மாதிரி ஒரு குறி வந்தது. 'நீங்கள் உயிருடன் இருப்பது உறுதிசெய்யப்பட்டது.' இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்ன வயதில் ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி போய் வாத்தியாரிடம் திட்டு வாங்கிய நாளெல்லாம் ஞாபகம் வந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு நர்ஸம்மா தன் கணக்குக்காக அதே முகத்தை மறுபடி காட்டினாள். 'இந்த முகம் ஏற்கெனவே வேறொரு கணக்கில் உள்ளது' என்று வந்தது. கைபேசியை அணைத்து மறுபடி போட்டுக் காட்டினாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினாள். அதே பதில். மாதம் பிறந்ததும் அக்காவுக்குப் பென்ஷன் வந்தது, தங்கைக்கு வரவில்லை.

உதவி எண்ணுக்குப் போன் செய்தார்கள். இணைப்பிலேயே இருங்கள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பாட்டுதான். ஆபரேட்டரம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. அவள் யாரையும் அப்படி அனாதையாக விட்டதில்லை. நடுநடுவே வந்து "லைன்ல இருங்க, போட்டுட்டிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததில்லை. கடைசியில் வந்த ஆள், கணக்கு வைத்திருப்பவரே பேசவேண்டும் என்றான். போனைத் தங்கையிடம் கொடுத்தாள். தங்கைக்கும் அதே குரல்தான். இப்போது பேசியவரே மறுபடி பேசுகிறீர்கள், விளையாடாதீர்கள் என்று வைத்துவிட்டான்.

ஆபரேட்டரம்மாவுக்குத் தலை சுற்றியது. தப்பு எங்கே நடந்தது என்று எத்தனை தடவை யோசித்தாலும் நூல் முனை கிடைக்கவில்லை. தங்கையின் முகம் தங்கையினுடையது, அது தன் கணக்கில் இருக்கிறது. தன் முகம் எங்கேயும் இல்லை, ஆனால் தான் உயிரோடு இருக்கிறோம். தங்கை உயிரோடு இல்லை, ஆனால் அடுப்படியில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இப்படி யோசித்து யோசித்து ஒரு நாள் பாலைப் பொங்கவிட்டாள்.

என் பென்ஷனிலிருந்து எடுத்துக்கொள் என்றால் நர்ஸம்மா தலையை ஆட்டுவாள், எடுக்கமாட்டாள். தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டவள், ரோஷக்காரி. ஒரு மதியம் ஆபரேட்டரம்மா தைலம் தேடித் தங்கையின் அலமாரியைக் குடைந்தபோது, துணிகளுக்கு அடியில் மாத்திரை டப்பா அகப்பட்டது. இதயத்துக்கான மாத்திரை. ஒவ்வொன்றும் பாதியாக உடைக்கப்பட்டிருந்தது. பாதி மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்று வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்குப் பாடம் நடத்தியவள் செய்த காரியம் இது. ஆபரேட்டரம்மா டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தாள். இவள் முகத்தைப் பிடுங்கி நான் அல்லவா தின்றுகொண்டிருக்கிறேன் என்று அழுதாள். டப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தங்கையைக் கிளப்பி இரண்டு பஸ் மாறித் தலைமைக் கிளைக்கு அழைத்துப்போனாள்.

அங்கே ஒரு அறை முழுக்க நாற்காலியும் குளிரும்தான். கேஷியர் போல நிமிர்ந்து பார்க்க ஒருவரும் இல்லை. நம்பர் வந்ததும் ஒரு இளம் அதிகாரி கூப்பிட்டாள். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அவளும் குழம்பினாள். ஒரு முகம் ஒரு கணக்கில்தான் இருக்கமுடியுமாம்.

"இந்த முகத்தை உங்க கணக்குலேருந்து எடுத்தாதான் அவங்களுக்குப் போடமுடியும்மா. ஆனா எடுத்துட்டா, நீங்க உயிரோட இருக்கறதுக்குச் சான்று இல்லாமப் போயிடும்."

"உன் எதிர்லதானே உக்காந்திருக்கேன்?"

"எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியணுமே" என்று அந்தப் பெண் கணினியைக் காட்டினாள். நேரில் பார்த்து முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டார்கள். தலையை நேராக வைக்கப் பழகிக்கொண்டு எப்போது வந்தாலும் புதிதாகப் பதிவுசெய்து தருவதாகச் சொன்னாள்.

நர்ஸம்மா எழுந்துவிட்டாள். எதையும் தொடவேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்றாள்.

ஆபரேட்டரம்மா எழவில்லை. "எடுத்துடும்மா" என்றாள் அதிகாரியிடம்.

"அக்கா" என்றாள் தங்கை. காரியம் எதுவும் ஆகவேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சொன்னாள். "அப்ப நீ?"

"எனக்கென்ன. நான் லைன்ல இருக்கேன்டி."

அதிகாரி எதையோ தட்டினாள். நர்ஸம்மா உயிரோடு வந்தாள். திரும்பும் வழியில் மருந்துக்கடைக்காரர் யார் பெயருக்குச் சீட்டு என்று கேட்டபோது, ஆபரேட்டரம்மா தங்கையின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் பெயரைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, எதிரிலேயே உட்கார்ந்து முழு மாத்திரையை விழுங்கவைத்தாள். அப்போதுதான் தன் டப்பா பிடிபட்டது தங்கைக்குத் தெரிந்தது. 

அன்றிலிருந்து கழுத்துக்கு வைத்தியம் தொடங்கியது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றடம், தைலம், பிறகு நிலைக்கண்ணாடி முன்னால் பயிற்சி. தங்கை பின்னால் நின்று தாடையைப் பிடித்துக்கொள்வாள். பல நாள் போராட்டத்துக்குப் பிறகு ஒரு காலையில் தங்கை கையை எடுத்தும் தலை நின்றது. ஆபரேட்டரம்மா கண்ணாடியைப் பார்த்தாள். அதில் நேர்த்தலையோடு தங்கை இருந்தாள். அவளுக்குப் பின்னாலும் தங்கையே நின்றாள்.

"இதுல நான் எங்கடி?" என்றாள், நிஜமாகவே பயந்துபோய்.

நர்ஸம்மா அக்காவின் தோளில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்திரையை உடைச்சவ நான். அதைக் கண்டுபிடிச்சுட்டு ஒரு வார்த்தை கேக்காம என்னை பஸ் ஏத்தினவ நீ. போதாதா?"

ஆபரேட்டரம்மாவின் கழுத்து மெதுவாகப் பழைய இடத்துக்குச் சாய்ந்தது.

"போதும்தான்" என்றாள். "ஆனா அதை எந்த வட்டத்துக்குள்ள காட்டறது?"