டிக்கிக்குள் ஒரு டொக்கு

என் அக்கா வீட்டுக்காரர் காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துபவர். கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடை. உள்ளே வெளிச்சத்தம் நுழையாத ஓர் அறை. அதில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பார். தனக்கு மட்டும் பாம்புச் செவி என்பது அவருடைய நம்பிக்கை. சாப்பிடப் போன ஓட்டலில் முதலாளியைக் கூப்பிட்டு, "அந்த மூலை ஃபேனுக்கு பேரிங் போகப் போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார். சொன்னபடி போகவும் செய்யும். அதுதான் எரிச்சல்.

அவர் மகளும் அதே படிப்புப் படித்து அவர் கடையிலேயே வேலை பார்த்தவள். ஒரு நாள் விளையாட்டாக அப்பா தலையில் ஹெட்போனை மாட்டிச் சோதித்துவிட்டு, "கீச்சுச் சத்தமெல்லாம் உங்களுக்கு விழலைப்பா, நீங்களும் ஒண்ணு போட்டுக்கணும்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். மனிதருக்கு வந்ததே கோபம். முதலில் மெஷின் கோளாறு என்றார், பிறகு மகளே கோளாறு என்றார். அவள் குடியிருக்கும் ஊர்க்கோடிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றார். பேரன் பிறந்தபோதும் போகவில்லை, அக்காவையும் போகவிடவில்லை. அக்கா செல்போனில் பேரன் முகத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கைச் சிந்துவாள். சேர்த்துவைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நான் டயர் கடைக்காரன். பஞ்சர் ஒட்டத் தெரியும், பாசத்தை ஒட்டத் தெரியாது.

அப்படிப்பட்டவர் காருக்கு நாலு புது டயர் மாட்டிக் கொடுத்தேன். பழையதில் தேறியதை ஸ்டெப்னியாக டிக்கியில் போட்டு அனுப்பினேன். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே கார் வாசலில் நின்றது.

"மாப்ளே, பின்னாடி டொக்கு டொக்குனு ஒரு சத்தம்."

காரைத் தூக்கி நிறுத்தி எல்லா நட்டையும் முறுக்கிப் பார்த்தேன். வீல் பேலன்ஸ் பார்த்தேன், காற்றுப் பார்த்தேன், டயர் வெட்டுகளில் சிக்கியிருந்த ஜல்லியையெல்லாம் நோண்டி எடுத்தேன். போனவர் அன்று மாலையே திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அங்கே காத்திருந்த ஒருவரிடம், "இங்கயா மாட்டப் போறீங்க? யோசிச்சுக்குங்க" என்றார். அவர் நிஜமாகவே யோசித்து, எதிர்க் கடைக்குப் போய்விட்டார். சொந்தக்காரனாக இல்லாவிட்டால் அன்றைக்கே ஸ்பேனரால் பதில் சொல்லியிருப்பேன்.

சரி, ஓட்டிக் கேட்போம் என்று கிளம்பினோம். அழைக்காமலே அக்காவும் வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவளுக்குச் சொல்லிவைத்தாற்போல இருமல் வந்தது. இருமலின் இடுக்கில் எனக்கும் கேட்டது.

"அத்தான், மணி மாதிரி கிணுகிணுன்னு வருதே."

"மணியாவது! கட்டையால தட்டுற மாதிரி டொக்குனு வருது. உன் காதுல அழுக்கு. கடைக்கு வா, எடுத்துவிடறேன்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்றாள் அக்கா, அவளை யாரும் கேட்காமலே.

அத்தான் காரை ஓரங்கட்டினார். "நீ டிக்கியில படு. எங்கேருந்து வருதுன்னு பாரு. நான் ஓட்டறேன்."

"ஐயோ வேண்டாம், அவனுக்கு இடுப்பு வலி" என்றாள் அக்கா.

"எனக்கு ஏதுக்கா இடுப்பு வலி?"

"இனிமே வரும்" என்று முறைத்தாள்.

கடையின் மானம் பெரிதா, இடுப்பு பெரிதா? ஏறிப் படுத்தேன். கார் நகர்ந்ததும் செல்போன் வெளிச்சத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டெப்னியின் நடுக்குழியில் ஒரு வெள்ளிக் கிலுகிலுப்பை உருண்டுகொண்டிருந்தது. கையில் பிடித்தேன்.

"நின்னுடுச்சு! என்ன பண்ணினே?" என்று முன்னாலிருந்து குரல்.

விட்டேன்.

"மறுபடி வருது."

எல்லாம் புரிந்துபோனது. அவர் திறந்தே பார்க்காத இடம் ஸ்டெப்னிக்கு அடிப்பக்கம் என்று அக்கா பேரனுக்கு வாங்கியதைத் துணியில் சுற்றி அங்கே ஒளித்திருக்கிறாள். டயர் மாற்றியபோது என் கடை ஆள் அந்தத் துணியைக் கை துடைக்கிற துணி என்று உருவிக்கொண்டான். அதில் நானே கிரீஸ் துடைத்திருக்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் கடை பிழைக்கும், அக்கா மாட்டிக்கொள்வாள்.

"ஜாக்கி அத்தான். ஜாக்கிதான் ஆடுது."

"ஜாக்கி சத்தம் எனக்குத் தெரியாதா?" கார் நின்றது. டிக்கி திறந்தது. கையும் களவுமாக, கிலுகிலுப்பையோடு நான் படுத்திருந்தேன்.

பின்னால் அக்கா இறங்கி வந்தாள். இந்த முறை இருமவில்லை. "பேரனுக்குத்தான் வாங்கினேன். அவனைத்தான் தொட முடியலை. நீங்க நடந்து கடைக்குப் போனதும் கார்லேருந்து இதையாவது எடுத்துத் தொட்டுப் பார்த்துக்கறேன். திட்டறதுன்னா திட்டுங்க."

அத்தான் திட்டவில்லை. கிலுகிலுப்பையை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினார். கிணுகிணுவென்று அந்தத் தெருவுக்கே கேட்டது.

"உள்ளே மணியே இல்லையே. கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கட்டையா மணியா என்று அவரோடு மல்லுக்கு நின்றவன் நான். ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு காதுக்கு மாற்றி மெதுவாக ஆட்டினார்.

"இப்ப சத்தம் வருதா?"

"வருதுங்க" என்றாள் அக்கா.

அவர் கிலுகிலுப்பையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிக்கியை அறைந்து சாத்தினார். உள்ளே ஒரு மச்சினன் கிடப்பது அவர் நினைவிலும் இல்லை, அக்கா நினைவிலும் இல்லை. கார் கிளம்பியது. என் கடைக்குத் திரும்புகிற வளைவு வரவே இல்லை. நான் கூப்பிட்டதை முன்னால் யாரும் காதில் வாங்கவில்லை, அக்காவின் விசும்பல் மட்டும் எனக்குக் கேட்டது.

வெகுநேரம் கழித்து நின்றது. இருட்டில் எனக்கு இருந்தது காது ஒன்றுதான். ஒரு கேட் கிறீச்சிட்டது. "அப்பா?" என்று அக்கா மகளின் குரல். பிறகு கிணுகிணு. ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. மறுபடி கிணுகிணு, மறுபடி சிரிப்பு.

"திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்" என்றார் அத்தான். "எனக்குக் கேக்கலைம்மா."

"உள்ளே வாங்கப்பா" என்றாள் அவள், அழுதுகொண்டே. செருப்புச் சத்தங்கள் நகர்ந்தன. இனியும் பொறுத்தால் ராத்திரி டிக்கியில்தான் என்று தோன்ற, முஷ்டியால் மூடியைக் குத்தினேன்.

"யாருப்பா கார்ல தட்டுறது?"

"உன் மாமாதான்" என்றார் அத்தான். "அந்தச் சத்தம் எனக்கு நல்லாவே கேக்குது."